மத்தியானத்தில் குரல் மாறும் பாட்டுப் பெட்டி

என் வீட்டுக்காரருக்குத் தையல் மெஷின் ரிப்பேர்தான் தொழில். எதைக் கொண்டுவந்து வைத்தாலும் முதலில் ஒரு சொட்டு எண்ணெய் விடுவார். அப்புறம்தான் என்ன கோளாறு என்றே கேட்பார். பாதி மெஷின்கள் அந்தச் சொட்டிலேயே எழுந்து ஓடிவிடும். அதனால் தையல்காரர்கள் அவருக்கு 'ஒருசொட்டு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வீட்டில் கதவுக்கு விடுவார், குடைக்கு விடுவார், என் கைப்பை ஜிப்புக்கு விட்டு உள்ளே இருந்த கைக்குட்டையைப் பாழாக்கியவர். மூக்கு நீண்ட சின்ன எண்ணெய் டப்பா எப்போதும் சட்டைப் பையில் இருக்கும்.

தங்கமான மனுஷன்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் 'தப்பு என்னுது' என்று அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. பால் பொங்கி வழிந்தால் அடுப்பின் தப்பு. பஸ் போய்விட்டால் டிரைவரின் தப்பு.

அவருடைய அக்கா, அதாவது என் அண்ணி, பஸ் டிப்போவுக்கு எதிரே காபிக் கடை வைத்திருக்கிறார். கடையின் பெருமையே மூலையில் நிற்கும் பழைய ஜூக்பாக்ஸ்தான். பட்டனை அழுத்தினால் ஒரு இரும்புக் கை வரிசையிலிருந்து நாம் கேட்ட ரெக்கார்டை எடுத்துத் தட்டில் வைக்கும். தட்டு சுற்றும், பாட்டு வரும். ஆறு மாதமாக அதற்கு ஒரு விசித்திர வியாதி. காலையில் அருமையாகப் பாடும். மத்தியானம் ஆனதும் தட்டின் வேகம் குறைந்து, பாடகியின் குரல் இறங்கி இறங்கி, தொண்டை கட்டிய லாரி டிரைவரின் குரலாகிவிடும்.

இவர் தினமும் எட்டு மணிக்கு, வேலைக்குப் போகும் வழியில் அங்கே நுழைவார். டாக்டரைக் கண்டதும் காய்ச்சல் விட்ட மாதிரி பெட்டி கணீரென்று பாடும். ஒன்றுமில்லையே என்று சொல்லி, பின்பக்க மூடியைத் திறந்து, வியாதி வருவதற்குக் கொஞ்சம் முன்னாலிருந்தே செய்கிற மாதிரி பாதுகாப்புக்கு மோட்டாரில் ஒரு சொட்டு விட்டு, காபியைக் குடித்துவிட்டுப் போய்விடுவார். அண்ணி விடாமல் புகார் சொன்னபோது கரெண்ட் சரியில்லை என்றார். அடுத்த வாரம், வருகிறவர்கள் பட்டனை முரட்டுத்தனமாக அழுத்துகிறார்கள் என்றார். கடைசியில் அக்காவே ஈரத்துணியால் துடைத்துத் துடைத்துக் கெடுத்துவிட்டதாக ஒரு போடு போட்டார். அண்ணி பாவம், துடைப்பதை நிறுத்திவிட்டு, 'பன்னிரண்டு மணிக்கு மேல் தொடாதீர்கள்' என்று அட்டை எழுதி மாட்டினார்.

இப்படி இருக்கும்போது, ஓய்வுபெற்ற பஸ் டிரைவர்கள் நாற்பது பேர் ஞாயிற்றுக்கிழமை மத்தியான விருந்துக்கு அந்தக் கடையைப் பிடித்தார்கள். பாட்டுப் பெட்டிக்காகவே பிடித்தார்கள். அண்ணி பெருமையாகத் தலையாட்டிவிட்டு, அப்புறம் பதறிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"ஞாயித்துக்கிழமை அது ஒழுங்கா பாடலைன்னா, மறுநாளே பழைய இரும்புக்குப் போட்டுடுவேன். நீயும் அந்த டப்பாவைத் தூக்கிட்டு என் கடைப் பக்கம் வராதே" என்றார்.

இவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அக்கா என்றால் உயிர். அந்தக் கோபத்தை என் மேல் காட்டி, உப்பு போதவில்லை என்று வள்ளென்று விழுந்தார். எனக்கும் சுர்ரென்று ஏறியது. மத்தியானம் வருகிற வியாதியைக் காலையில் பார்த்தால் எப்படித் தெரியும், ஒரு நாள் முழுக்க அங்கேயே உட்காருங்கள் என்று கத்திவிட்டேன்.

சனிக்கிழமை தன் ரிப்பேர் பட்டறைக்குப் பூட்டுப் போட்டார். என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அண்ணி எங்களிடம் கடையை விட்டுவிட்டு விருந்துச் சாமான் வாங்கக் கிளம்பினார். இவர் மூடியைக் கழற்றி, வழக்கம்போல் ஒரு சொட்டு விட்டு, ஸ்டூலைப் போட்டுக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்தார். உள்ளே பல்பு மாதிரி எரியும் கண்ணாடி வால்வுகள் சூடேறி, பதினொரு மணிக்கெல்லாம் பெட்டியின் பின்பக்கம் அடுப்படி மாதிரி அனலடித்தது. பன்னிரண்டேகாலுக்குப் பாடகி லாரி டிரைவரானாள்.

மோட்டாருக்கும் தட்டுக்கும் நடுவே ஒரு சின்ன ரப்பர் சக்கரம் இருக்கிறது. அது பிடித்துச் சுற்றினால்தான் தட்டு சுற்றும். இவர் அதைத் தொட்டார். விரல் பளபளத்தது. மோந்து பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

தினமும் காலையில் அவர் விட்ட சொட்டுதான். சூட்டில் இளகி வழிந்து ரப்பரில் இறங்க, சக்கரம் வழுக்க ஆரம்பிக்கிறது. ராத்திரியில் மெல்ல வடிந்து கீழே இறங்கிவிடும். மறுநாள் காலையில் குரல் தெளிந்திருக்கும். உடனே நம்ம டாக்டர் வந்து அடுத்த சொட்டை விடுவார்.

ஸ்பிரிட்டைத் தொட்டு எல்லாவற்றையும் துடைத்துக் காயவைத்தார். மூன்று மணிக்கும் பெட்டி தெளிவாகப் பாடியது. திரும்பி வந்த அண்ணி சந்தோஷத்தில் என்ன கோளாறு என்று கேட்க, இவர் "ஏதோ சின்னதுக்கா" என்று மென்று முழுங்கினார். எனக்கு வெட்கமாக இருந்தது. 

ஞாயிற்றுக்கிழமை கடை நிரம்பி வழிந்தது. ஒரு மணி, இரண்டு மணி, பாட்டு அசரவில்லை. கிழவர்கள் கைதட்டி ஆட ஆரம்பித்துவிட்டார்கள். அண்ணி இவர் தோளைப் பிடித்து நடுவில் நிறுத்தி, தன் தம்பி கை வைத்தால் எந்த மெஷினும் பேசும் என்றும், தான்தான் ஈரத்துணி போட்டுக் கெடுத்துவிட்டதாகவும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். இவர் என்னைப் பார்த்தார். நான் காபி டம்ளரைப் பார்த்தேன்.

"இல்லக்கா" என்றார். "துணி ஒண்ணும் பண்ணலை. தினமும் எண்ணெய் விட்டுக் கெடுத்தது நான்தான். தப்பு என்னுது."

டிரைவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இவருக்குக் காது சிவந்துவிட்டது. அண்ணி சிரிக்காமல் கையை நீட்டி எண்ணெய் டப்பாவை வாங்கினார். கல்லா மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினார். அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டார்.

"இனிமே அதுக்கு எண்ணெயே வேண்டாம்னா, நீ காலையில வரமாட்டியாடா?"

அண்ணிக்குப் பெட்டியைவிட அதுதான் கவலை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.  இவர் போய், பெட்டியில் மாட்டியிருந்த அட்டையைக் கழற்றிக் கிழித்துப் போட்டார்.

திங்கட்கிழமை எட்டு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போதே கிளம்பிவிட்டார். எங்கள் வாசல் கதவு கீச்சென்றது. அவர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போய், வெறுமையாகத் திரும்பியது. சிரித்துக்கொண்டே அக்கா கடைக்கு நடந்தார்.