வால் இன்ஜின் ஓடாத மத்தியானம்

விமானத்தின் வால் நுனியில் ஒரு ஓட்டை இருக்கும். பெரிய இன்ஜின்கள் நின்ற பிறகும் அதிலிருந்து சூடான காற்று நடுங்கிக்கொண்டே வெளியே வரும். வளைகுடா விமான நிலையத்தில் சுமை ஏற்றும் வேலைக்குப் போன புதிதில் நான் அதைத்தான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பேன். உள்ளே ஒரு சின்ன இன்ஜின் ஓடுகிறது என்று எங்கள் குழுத் தலைவர் சொன்னார். கள்ளக்குறிச்சி டவுன்காரர். எல்லோருக்கும் அவர் பாய். கடும் வெயிலில் விமானம் முழு பாரத்தோடு கிளம்பும்போதும் அந்தச் சின்ன இன்ஜினை நிறுத்த மாட்டார்கள். பயணிகளுக்குக் குளிர்காற்றை அது கொடுத்துவிடும். பெரிய இன்ஜின்கள் பலம் முழுவதையும் தூக்குவதற்கே வைத்துக்கொள்ளும். எங்கள் கல்ராயன் மலையில், வெள்ளிமலை ஏற்றத்தில் வண்டி இழுக்காவிட்டால் டிரைவர் ஏ.சி.யை அணைத்துவிடுவார். விமானத்தில் அப்படி அணைக்க வேண்டாம் என்றுதான் அந்தத் தனி இன்ஜின்.

என் அக்காள் வீட்டுக்காரர், என் மாமா, அதே நாட்டில் வேறொரு ஊரில் கட்டட வேலை செய்துவந்தார். சாரம் சரிந்து இறந்துபோனார். போய்ப் பார்க்க எனக்கு லீவு கிடைக்கவில்லை. பெட்டியை மூடி, சீல் வைத்து, நேராக விமான நிலையத்துக்கு அனுப்பிவிட்டார்கள். சென்னை விமானத்தில் அதை ஏற்றியவர்களில் நானும் ஒருவன். அக்காளும் சொந்தக்காரர்களும் வெள்ளிமலையிலிருந்து வேன் பிடித்துக் கிளம்பிவிட்டதாகப் போன் வந்திருந்தது.

அன்று வால் இன்ஜின் பழுது. பெரிய இன்ஜின்களே காற்றையும் கொடுக்க வேண்டும். அந்த வெயிலில் அவ்வளவு பாரத்தைத் தூக்க முடியாது, கடைசியாக ஏற்றியதை இறக்கு என்று உத்தரவு வந்தது. கடைசியாக ஏற்றியது மாமாவைத்தான்.

"பொட்டிய கட்டுன பட்டையை அவுக்காத. எங்கூட வா" என்று பாய் என்னை இழுத்துக்கொண்டு படியேறினார். தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் பைலட்டிடம் மன்றாடினார். காற்றை அடைத்துவிட்டுக் கிளம்பினால் விமானம் தூக்கும், மேலே போனதும் திறந்துவிடலாம் என்றார் பைலட். ஆனால் உள்ளே ஏற்கெனவே அடுப்பு மாதிரி இருக்கிறது, ஜனங்கள் தாங்குவார்களா என்று கேட்டார்.

பாய் பயணிகள் பக்கம் திரும்பினார். "கொஞ்சம் கேளுங்கப்பா. கீழ ஒரு பொட்டி இருக்குது. கல்ராயன் மலைக்காரரு. வூட்டுக்காரம்மா மெட்ராசுக்கு வந்துக்கினு இருக்குது. வண்டி மேல ஏர்ற வரைக்கும் காத்து வராது. நீங்க தாங்கிக்கினா அவரும் வருவாரு. இல்லன்னா இறக்கிடுவோம்."

"ஏன் பாய், ஒரு பொணத்துக்கோசரம் எங்க எல்லாரையும் பொணமாக்கப் பாக்கறியா?" என்றார் முன்வரிசையில் ஒருவர். சிலர் சிரித்தார்கள்.

"மூடுய்யா வாயை" என்றார் பின்னால் இருந்த பெரியவர். "நாம சீட்டுல போறோம். அவன் சாமானோட சாமானா போறான். அதுக்கு இன்னா சொல்ற?" பிறகு என்னைப் பார்த்து, "உனக்கு யாருப்பா?" என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன், "அக்கா புருசன்" என்றார் பாய். பெரியவர் சட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "கிளப்பச் சொல்லு." சிரித்தவர்களும் ஒவ்வொருவராகச் சட்டையைக் கழற்றினார்கள்.

பெரிய இன்ஜினை முடுக்கிவிடுவதும் வால் இன்ஜின்தான் என்பதால், வெளியிலிருந்து காற்றடிக்கும் வண்டியைக் கொண்டுவந்து கிளப்பினார்கள். விமானம் ஓடுதளத்தின் கடைசி வரைக்கும் ஓடி, மனசில்லாமல் தூக்கிக்கொண்டு போனது. தாமதமாக்கியதற்காகப் பாயை விமானக் கழிவறைகளைக் காலிசெய்யும் வண்டிக்கு மாற்றினார்கள். ஒப்பந்தம் முடியும்வரை அதைத்தான் அவர் ஓட்டினார்.

மாமாவை மலையிலேயே புதைத்தார்கள். நாளாகிவிட்டது, பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று ஊரில் சொல்லிவிட்டார்களாம். நான் ஊர் திரும்பியதும் அக்காள் கேட்டது ஒரே கேள்விதான். "உள்ள இருந்தது மாமாதானாடா?" சீல் வைத்துத்தான் வந்தது, நான் பார்க்கவில்லை என்றேன். பொய் சொல்ல எனக்கு வாய் வராது. வேறு யாரையோ புதைத்துவிட்டோம், அவர் எங்கேயோ கிடக்கிறார் என்று வருஷக்கணக்கில் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். அழவே இல்லை. அழுதால் அவர் செத்துப்போனதாக ஆகிவிடும் என்பாள்.

பாய் கள்ளக்குறிச்சிக்குத் திரும்பி வந்து பஸ் ஸ்டாண்டு பக்கம் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்தார். ஆஸ்பத்திரிக்கு வந்த அக்காளை ஒருநாள் அங்கே கூட்டிப்போனேன். அவரிடமும் அதையே கேட்டாள். பாய் கையிலிருந்த பக்கெட்டைக் கீழே வைத்தார்.

"நான் பாத்தேம்மா. ஏத்தறதுக்கு முன்னாடி தொறந்து பாக்கறது என் வேலை. பாஸ்போர்ட் போட்டோவுல இருந்த மூஞ்சிதான். அடி கிடி ஒண்ணுமில்ல. தூங்கறாப்ல இருந்தாரு."

அப்படி ஒரு வேலையே அங்கே கிடையாது.

அக்காள் அவரையே உற்றுப் பார்த்தாள். "புருவத்துல கத்தி பட்ட தழும்பு இருக்கும். இருந்துச்சுங்களா? எந்தப் பக்கம்?"

பாய் என் பக்கம் பார்த்தார். அக்காளுக்குப் பின்னால் நின்றிருந்த நான் கையைத் தூக்கி, வேர்வையைத் துடைப்பதுபோல என் இடது புருவத்தைத் துடைத்தேன்.

"இடப்பக்கம்மா" என்றார் பாய்.

அக்காள் பக்கெட்டுகளுக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்து, வாய்விட்டு அழ ஆரம்பித்தாள். பாய் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வெளியே வந்து, என் பக்கத்தில் வெயிலில் நின்றார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.