ஆயுசுக் காரண்டி

ஈப்போ நகரத்தில் செருப்புத் தைப்பவரிடம் செருப்பைக் கொடுத்துவிட்டு எல்லோரும் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். கடிகாரத்தைப் பழுது பார்க்கக் கொடுப்பவர்களும் அப்படித்தான். ஒரு துண்டுச் சீட்டை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, சொன்ன நாளில் வந்து பொருளை வாங்கிப் போகிறார்கள். இந்த மலாயா நாட்டுக்கு வந்து பத்து வருஷம் ஆகியும் என்னால் மட்டும் அது முடியவில்லை. செருப்பு தைத்து முடிகிற வரை பக்கத்திலேயே குந்திக்கொண்டு, ஊசி போகிற வழியெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பேன். உனக்கு வேலை வெட்டி இல்லையா என்று இங்கே பலரும் கேட்டிருக்கிறார்கள். வேலை இருக்கிறது, ஆளைத்தான் நம்ப முடியவில்லை என்பதை எந்தப் பாஷையில் சொல்வது என்று தெரியாமல் சிரித்து வைப்பேன்.

மோகனூர்ப் பக்கம் பிறந்தவர்களுக்கு இது புரியும். எங்கள் ஊரில் உலைக்களத்துக்கு ஒரு மண்வெட்டியைக் கொண்டுபோனால், அது அடித்து முடிந்து கைக்கு வருகிற வரை அந்த வீட்டு ஆள் ஒருவர் உலைக்கு எதிரிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். நல்ல இரும்பை எடுத்துக்கொண்டு சப்பை இரும்பை வைத்து அடித்துவிட்டால் யாருக்குத் தெரியும்? நாச்சிமுத்து ஆசாரியும் இதை அவமானமாக நினைக்கமாட்டார். "வந்துட்டீங்களா சாமி, இப்படி ஒக்காருங்க" என்று துருத்திக் கயிற்றைக் கையில் கொடுத்துவிடுவார். பார்த்த மாதிரியும் ஆயிற்று, அவருக்கு ஓர் ஆள் வேலை செய்த மாதிரியும் ஆயிற்று. இது போதாதென்று எங்கள் சாமான் ஒவ்வொன்றிலும் வீட்டு அடையாளம் வெட்டியிருக்கும். ஒரு பிறை, அதற்குக் கீழே மூன்று கோடு. மாட்டுக்குப் போடுகிற சூடும் அதே அடையாளம்தான்.

சோளம் தூற்றி முடிந்ததும் களத்திலேயே ஆசாரிக்கு அவர் பங்கை அளந்து போட்டுவிடுவார் அப்பா. அதன்பின் அடுத்த அறுப்பு வரை கலப்பைக் கொழு மழுங்கினாலும் அரிவாள் உடைந்தாலும் அவர் பொறுப்பு. அவருக்குப் பிறகு அவர் மகன், அப்பாவுக்குப் பிறகு நாங்கள். இதற்குக் காகிதம் கிடையாது, கையெழுத்துக் கிடையாது. இவ்வளவு உறவு இருந்தும் உலைக்கு முன்னால் உட்கார்ந்து ஆசாரியின் கையைக் கண்கொட்டாமல் பார்ப்போம். இரண்டும் எப்படி ஒத்துப்போகும் என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. ஒத்துப்போயிற்று, அவ்வளவுதான்.

இங்கே நான் ஒரு ரப்பர்த் தோட்டத்து ஆலையில் இயந்திரங்களைப் பழுது பார்க்கிற பிட்டர் வேலை பார்க்கிறேன். ஆலைச் சாமான்கள் ஆலையுடையவை, கைச்சாமான்கள் அவரவருடையவை. என்னிடம் இருந்தது ஒரு சீமை ஸ்பேனர். டவுனில் ஒரு சீனத் தவுக்கே கடையில் வாங்கினேன். தவுக்கே என்றால் முதலாளி. கூடவே ஒரு காகிதமும் கொடுத்தார். தோட்டத்தில் கணக்கு எழுதுகிற கிராணி அதைப் படித்துவிட்டு, "இது உடைந்தால் உன் ஆயுசு உள்ளவரைக்கும் புதுசு மாற்றித் தருவார்களாம்" என்றார்.

என் ஆயுசைப் பற்றி முன்பின் பார்த்திராத வெள்ளைக்காரக் கம்பெனிக்கு என்ன அக்கறை? மலைக்காய்ச்சலில் வாரத்துக்கு ஒருவரைப் புதைக்கிற தோட்டத்தில் ஆயுசுக்குக் காரண்டி கொடுப்பவன், எல்லாம் விசாரித்துத்தான் கொடுத்திருக்கிறான் என்று தோன்றியது. கடைசியில் பொடி எழுத்தில் இருந்ததைக் கிராணி படிக்கவில்லை. நானும் கேட்கவில்லை. காகிதத்தை மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்தேன்.

ரப்பர் விலை பாதாளத்துக்குப் போன வருஷம் அந்த ஸ்பேனரின் தாடை விண்டுபோயிற்று. வாராவாரம் ஆட்களைக் கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த நேரம் அது. கைச்சாமான் உள்ள பிட்டர்கள் இருக்கலாம், மற்றவர்கள் சனிக்கிழமைப் பட்டியலில் என்று துரை சொல்லிவிட்டார். உடைந்தது திங்கட்கிழமை. அரைச் சம்பளக் காலத்தில் இன்னொரு ஸ்பேனர் வாங்க வழியில்லை. ஊரிலோ இரண்டு வருஷமாக மழை இல்லை. என் பங்கு நிலத்தையும் சேர்த்து உழுகிற அண்ணன், நான் அனுப்புவதை நம்பித்தான் இருந்தார்.

அது இல்லாமல் ஆலையில் வேலையும் ஓடாது என்பதால் அன்றே கடைக்குக் கொண்டுபோனேன். தவுக்கே உடைந்த ஸ்பேனரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வைத்துவிட்டுப் போ, வியாழக்கிழமை வா என்றார் மலாயில். அந்த மலாய் அவருக்கும் அரைகுறை, எனக்கும் அரைகுறை.

"எங்கே அனுப்புவீர்கள்?"

"சிங்கப்பூர். கம்பெனி ஆபீஸ்."

"என் இரும்பில்தானே புதுசு செய்வார்கள்?"

அவருக்குப் புரியவில்லை. அல்லது புரிந்தும் நம்ப முடியவில்லை. "பழசு அங்கே. புதுசு இங்கே. நீ பாலிக், பாலிக்" என்று கையை வீசினார். வீட்டுக்குப் போ என்று அர்த்தம். நான் போகவில்லை. கடைக்கு முன்னால் இருந்த அஞ்சடி நடைபாதையில் ஸ்பேனரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். சாயங்காலம் கடை அடைத்ததும் அதை எடுத்துக்கொண்டு தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குத் திரும்பினேன். செவ்வாய்க்கிழமையும் அதே கதை. ஆணி வாங்க வந்தவர்கள் என்னையும் தவுக்கேயையும் மாறி மாறிப் பார்த்தார்கள். மத்தியானம் அவரே ஒரு கோப்பைத் தேநீர் கொண்டுவந்து வைத்தார். அதில் என்ன கலந்திருக்கிறானோ என்று நான் தொடவில்லை.

புதன்கிழமை வேறு வழியில்லாமல் ஒரு முடிவுக்கு வந்தேன். ஆலை அரத்தை எடுத்து ஸ்பேனரின் கைப்பிடியில் பிறையும் மூன்று கோடும் ஆழமாக வெட்டினேன். இனி எந்தச் சிங்கப்பூருக்குப் போனாலும் இது எங்கள் இரும்பு என்று தெரியுமல்லவா? கொண்டுபோய் நீட்டினேன். தவுக்கே அந்த அடையாளத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், வாங்கி உள்ளே வைத்தார். அன்று மூன்றாம் நாளாகக் கடை அடைக்கிற வரை காவல் இருந்துவிட்டு, வெறுங்கையோடு திரும்பினேன்.

லயத்துக்கு வந்து பெருமையாகக் கிராணியிடம் சொன்னேன். அவர் காகிதத்தை வாங்கி, முன்பு விட்ட பொடி எழுத்தைப் படித்தார். "அரம் பட்டது, அடையாளம் வெட்டியது, நெருப்பில் காட்டியது எதற்கும் காரண்டி கிடையாது. என்ன காரியம் செய்தாய்?" என்றார். என் ஆயுசுக்கு நானே அரம் போட்டிருக்கிறேன். கப்பல் கண் முன்னால் வந்து நின்றது.

வியாழக்கிழமை திட்டு வாங்கத்தான் போனேன். தவுக்கே எழுந்து, எண்ணெய்க் காகிதம் சுற்றிய புது ஸ்பேனர் ஒன்றை எடுத்து என் கையில் வைத்துவிட்டு வெளியே கை காட்டினார். நன்றி சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை. இது போலியாக இருக்கும், முதல் திருகலில் உடையும் என்றே நினைத்தேன். உடையவில்லை. சனிக்கிழமைப் பட்டியலில் என் பெயர் இல்லை. ஆனாலும் பல வருஷம் ஒவ்வொரு தடவை அதை எடுக்கும்போதும் தாடையை விரலால் தடவிப் பார்த்தேன்.

சென்ற தை மாதம் ஊருக்குப் போனேன். கரூரில் ரயிலை விட்டு இறங்கி, பரிசலில் காவேரியைக் கடந்து மோகனூர்க் கரையேறியபோது இனி இங்கேயே இருந்துவிடலாம் என்ற ஆசை வலுவாகவே இருந்தது. அண்ணனிடம் ஸ்பேனர் கதையைச் சொன்னேன். "சும்மா குடுத்தானா? சும்மா எவனும் குடுக்கமாட்டான். அதுல ஏதோ சூது இருக்குது" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது என்றேன். அந்த ஒரு நிமிஷம் நாங்கள் இருவரும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாக இருந்தோம்.

மறுநாள் அண்ணனுடைய மண்வெட்டி வாய் மடங்கிவிட, நான் கொண்டுபோகிறேன் என்று ஆசையாகத் தூக்கிக்கொண்டு உலைக்களத்துக்குப் போனேன். நாச்சிமுத்து ஆசாரிக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. "வாங்க சாமி, எப்ப வந்தீங்க?" என்று மண்வெட்டியை வாங்கிக்கொண்டார். நான் பழக்கப்படி உலைக்கு எதிரில் உட்கார்ந்து துருத்திக் கயிற்றைப் பிடித்தேன். அவர் மெதுவாகக் கயிற்றை என் கையிலிருந்து வாங்கினார்.

"நீங்க எதுக்குங்க இந்தப் புகைல ஒக்காந்துக்கிட்டு? வெச்சிட்டுப் போங்க, நாளைக்கு வாங்க."

"ஏனுங்க ஆசாரி, எங்க ஊட்டு மம்பட்டிதானுங்களே? பாத்துட்டுப் போறனுங்க."

"உங்கண்ணன் ஊட்டுதுங்க சாமி. களத்துல நின்னு அளக்கறது அவருங்க. அவரு வந்தா ஒக்காரட்டும். நீங்க விருந்தாளியா வந்திருக்கறீங்க, உங்களுக்கு எதுக்குங்க இந்தச் சிரமம்?"

அவர் மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் அவரைச் சந்தேகப்படவும் எனக்கு இனி உரிமை இல்லை. மண்வெட்டியை வைத்துவிட்டு, வாய்க்கால் கரையில் போய் நின்று அழுதேன். இருந்துவிடலாமா என்று அதன்பின் அண்ணனிடம் நான் கேட்கவில்லை. அவரும் எப்போது கப்பல் என்றுதான் கேட்டார்.

ஈப்போவுக்குத் திரும்பிய வாரம் ஆணி வாங்கப் போனேன். சாரல் பலமாக அடிக்கவே தவுக்கே என்னைக் கடையின் உட்கோடிக்கு அழைத்தார். அங்கே சுவரில், பழைய பூட்டுகளுக்கு நடுவில் ஓர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது தாடை விண்ட என் ஸ்பேனர். பிறையும் மூன்று கோடும் துருப்பிடிக்காமல் இருந்தன. யாரோ எண்ணெய் போட்டு வைத்திருக்கிறார்கள்.

"கம்பெனிக்கு அனுப்பவில்லையா?"

"அனுப்பினால் வாங்கமாட்டார்கள். நீ வெட்டிவிட்டாய்."

"அப்படியானால் எனக்குக் கொடுத்த புதுசு?"

"என் கடைச் சாமான்."

"ஏன் கொடுத்தீர்கள்?"

தவுக்கேக்கு இப்போது நினைத்தாலும் எரிச்சல் வந்தது. "மூன்று நாள் என் வாசலில் உட்கார்ந்துகொண்டாய். நான் என்னவோ உன்னை ஏமாற்றிவிட்டேன் என்று ஊரே என்னைப் பார்த்தது. வியாபாரம் கெட்டுப்போயிற்று. உன்னை எழுப்பினால் போதும் என்று இருந்தது" என்றார்.

இவ்வளவு நாள் தேடிக்கொண்டிருந்த சூது இதுதான். எனக்குச் சிரிப்பு வந்தது, அவரும் சிரித்தார். அந்தக் கீறல் என்ன என்று கேட்டார். எங்கள் வீட்டு அடையாளம் என்றேன். ஆணியிலிருந்து எடுத்து, வேண்டுமானால் கொண்டுபோ என்று நீட்டினார்.

வாங்கிக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன். இதை எங்கே கொண்டுபோவது? லயத்து அறை தோட்டத்துக்குச் சொந்தம். மோகனூர் வீட்டில் இந்த அடையாளம் போட்ட சாமான்கள் எல்லாம் அண்ணனுடையவை. அதே ஆணியில் திரும்ப மாட்டினேன். தவுக்கே தேநீர் வைத்தார், குடித்தேன். மழை விட்டதும், என் இரும்பை இன்னொருவர் கடையில் விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்தேன்.

அப்படிச் சொன்னால் பொய். அஞ்சடி முனையில் நின்று ஒரு தடவை பார்த்தேன், இருக்கிறதா என்று.