உங்களை நன்றாகத் தெரிந்த இருவர்

இந்த ஊரில் வழி கேட்டால் சொல்வார்கள், மணி கேட்டால் சொல்வார்கள். என்ன செய்யட்டும் என்று கேட்டால் மட்டும் வாயைத் திறக்கமாட்டார்கள். ஜெர்மனிக்குப் படிக்க வந்த முதல் மாதம், இரண்டு பாடப்பிரிவுகளில் எதை எடுப்பது என்று புரியாமல் பல்கலைக்கழகத்தின் பெராட்டுங் அறைக்குப் போனேன். பெராட்டுங் என்றால் ஆலோசனை. பத்து நாள் முன்பே டெர்மீன் வாங்கி, அதாவது நேரம் குறித்து வாங்கி, போய் உட்கார்ந்தால், அந்த அம்மாள் எனக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்றார். தெரிந்தால் உன்னிடம் எதற்கு வருகிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். நாற்பது நிமிடமும் அவர்தான் கேட்டுக்கொண்டிருந்தார். பாவம், வேலைக்குப் புதிது போலிருக்கிறது என்று நினைத்து எழுந்து வந்துவிட்டேன். தமிழும் மலையாளமும் கலந்து பேசும் எல்லையோரத்து எங்கள் முதலமடையில் பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்துக்குள் நான்கு பேர் சேர்ந்து நம் படிப்பு, கல்யாணம், வயிற்றுவலி மூன்றுக்கும் வழி சொல்லி அனுப்பிவிடுவார்கள். நாம் கேட்கக்கூட வேண்டியதில்லை.

இப்போது அந்த அம்மாளின் வேலையைத்தான் நான் செய்கிறேன். லைப்சிக் நகரில், வெளிநாட்டிலிருந்து படிக்க வர விரும்பும் பிள்ளைகளுக்கு வழிகாட்ட அரசு உதவியோடு நடக்கும் ஓர் அலுவலகம். தமிழிலும் மலையாளத்திலும் பேச ஆள் வேண்டும் என்று என்னை எடுத்தார்கள். தகவல் சொல்லலாம், கேள்வி கேட்கலாம். "இதைச் செய்" என்ற சொல் மட்டும் எங்கள் வாயில் வரக்கூடாது என்பதுதான் முதல் நாள் பயிற்சி. எனக்கு அது பேதி மருந்து குடித்த மாதிரி இருந்தது. போகப் போகப் பழகிவிட்டது. பழகியது மட்டுமல்ல, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

போன மாம்பழ சீசன் தொடங்கிய நேரத்தில், கணினித் திரையில் நித்யா என்றொரு பெண் வந்தாள். பின்னால் லாரி ஹாரன் கேட்டது. எந்த ஊர் என்று கேட்டதற்கு முதலமடை என்றாள். எங்கள் தோப்புக்கு எதிர்த் தோப்பு துரைசாமியின் மகள். நான் ஊரைவிட்டு வரும்போது பள்ளிக்கூடப் பையைச் சுமந்து நடந்துகொண்டிருந்தவள், உணவுத் தொழில்நுட்பம் படித்து முடித்திருந்தாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதே வேகத்தில், ஊர்ப்பாசத்தில் விதியை மீறிவிடுவேனோ என்று பயமும் வந்தது. உடன் வேலை பார்க்கும் காத்ரினிடம் சொன்னேன். "தெரிந்தவள் என்றால் விதியை இன்னும் கவனமாகப் பிடித்துக்கொள்" என்றாள். அப்படியே பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, வெலை படுத்துட்டா காயெல்லாம் தோப்புலயே அழுகிப் போகுதுங்க. கண்ணுல பாத்துட்டுச் சும்மா இருக்க முடியலீங்க. அதுக்கு என்னமாச்சும் படிச்சுட்டு வரோணுங்க" என்றாள் நித்யா. அவள் கேட்ட உதவித்தொகை, பட்டம் வாங்கி இரண்டு வருடத்துக்குள் விண்ணப்பிப்பவர்களுக்கு மட்டும். அவளுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. கடைசியில் கேட்டாள்: "ரெண்டு பேருகிட்ட லெட்டர் வேணும்னு போட்டிருக்குதுங்களே, ஆருகிட்டங்க வாங்கட்டும்?"

"உங்களை நன்றாகத் தெரிந்த இருவர். யார் என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்" என்றேன், செய்தி வாசிப்பதுபோல.

"செரிங்க்கா" என்று தலையாட்டினாள். ஊர்க்காரிக்கென்று ஒரு சொல்கூட அதிகம் சொல்லவில்லை என்ற திருப்தியில் அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

விண்ணப்பத்துக்குக் கடைசி நேரம் ஒரு திங்கட்கிழமை நண்பகல். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை காலை அவளுடைய இரண்டு கடிதங்களும் எங்கள் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தன. ஒன்று பஞ்சாயத்து வார்டு மெம்பருடையது. மலையாளத்தில் எழுதி, சீல் வைத்து, அடியில் ஆங்கில மொழிபெயர்ப்பும் இணைத்திருந்தார்கள். நல்ல குடும்பத்துப் பெண், பிறந்ததிலிருந்து தெரியும், இவளுடைய தகப்பனார் பஞ்சாயத்து ரோட்டுக்காகத் தன் பூமியில் ஆறடி விட்டுக்கொடுத்தவர் என்றிருந்தது. மற்றொன்று பால் சொசைட்டி பிரசிடெண்ட் கொடுத்தது. இந்த வீட்டுப் பாலில் ஒருநாளும் தண்ணீர் கலந்ததில்லை என்று அவர் சாட்சி சொல்லியிருந்தார்.

காத்ரின் இரண்டு தரம் படித்தாள். "இந்த முதல் ஆள் எந்தப் பாடத்தின் பேராசிரியர்?"

"ரோடு, தெருவிளக்கு, குடிதண்ணீர், எல்லாப் பாடத்துக்கும் அவர்தான்" என்றேன். அவள் அதைக் குறித்துக்கொள்ளப் பேனாவை எடுத்தாள். சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்க வேண்டிய விஷயமில்லை அது.

ஏனென்றால் நித்யா செய்தது சரி. எங்கள் பக்கத்தில் ரேஷன் கார்டுக்கு மெம்பர் கடிதம், ஆஸ்பத்திரிச் சலுகைக்கு மெம்பர் கடிதம், கரண்டு இழுக்க மெம்பர் கடிதம். என் பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் விசாரணை வந்தபோது, இதே மெம்பர்தான் மடித்துக்கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு வந்து, "இது நம்ம குட்டியாக்கும்" என்று ஏட்டிடம் சொன்னார். அந்த ஒரு வார்த்தையில்தான் நான் விமானம் ஏறினேன். நன்றாகத் தெரிந்தவர் யார் என்று கேட்டால் எங்கள் ஊரில் ஒரே பதில்தான். அது தெரிந்த ஒரே ஆள் இந்த அலுவலகத்தில் நான். தெரிந்தும் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவமானமாக இருந்தது.

"பொதுவான நினைவூட்டல் அனுப்பலாம். மற்றது அவள் பொறுப்பு" என்றாள் காத்ரின். 'உங்கள் ஆவணங்களை மீண்டும் ஒருமுறை சரிபார்க்க வேண்டுகிறோம்' என்று மின்னஞ்சலைத் தட்டினேன். நித்யா அதைப் படித்து என்ன செய்வாள் என்று யோசித்துப் பார்த்தேன். கடிதம் இரண்டு இருக்கிறது, சீல் தெளிவாக விழுந்திருக்கிறது என்று நிம்மதியாகப் போய்விடுவாள். அதை அனுப்பாமல், போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனேன்.

"நித்யா, அந்த ரெண்டு லெட்டரும் ஆகாது கண்ணு. உனக்குப் பாடம் சொன்ன டீச்சருங்க ரெண்டு பேருகிட்ட வாங்கோணும். நாளைக்குக் காத்தால மொத பஸ்ஸுக்குக் கெளம்பு. காலேஜ் லீவுன்னா அவங்க ஊட்டுக்கே போ."

போனை அவள் அப்பா வாங்கிப் பேசினார். "ஏனுங்கம்மிணி, மெம்பர் லெட்டர் ஆகாதுங்களா? சீலெல்லாம் நல்லா உளுந்திருக்குதுங்களே?"

"இங்க மெம்பர்னா ஆருன்னே தெரியாதுங்க."

"மூணு நாள் ஒக்காந்து எழுதுனாருங்க. வேண்டாம்னு சொல்லிப்போட்டு அவரு மொகத்துல எப்படிங்க முழிக்கறது?"

"மறைக்காதீங்க. நேரா அவருகிட்டயே போய்ச் சொல்லுங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க."

திரும்பி வந்து காத்ரினிடம் நடந்ததைச் சொன்னேன். "நான் இதைக் கோப்பில் எழுதியாக வேண்டும்" என்றாள். எழுது என்றேன். எழுதினாள். பிறகு காபி கொண்டுவந்து என் மேசையிலும் ஒன்றை வைத்தாள்.

திங்கட்கிழமை காலை பத்தரைக்குப் புதிய கடிதங்கள் வந்தன. ஒன்றில், மாம்பழக் கூழை வெயிலில் உலர்த்திக் கெடாமல் வைக்க இந்தப் பெண் செய்த சோதனைகளைப் பற்றி ஒரு பக்கம் முழுக்க இருந்தது. படித்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய் அழுதேன். விண்ணப்பம் நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தது. சில வாரங்கள் கழித்து, இடமும் உதவித்தொகையும் கிடைத்துவிட்டன என்று நித்யா கூவிச் சொன்னாள்.

அன்று மதியமே மெம்பர் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டார். "ஏனம்மிணி, எம்பட லெட்டர் அங்க செல்லாதாமா? நான் எழுதுனா தாலூக்காபீசுல எந்திரிச்சு நிக்கறாங்க!"

மன்னிப்புக் கேட்டேன். சிரித்தார். துரைசாமி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து நின்றதும், தானே ஜீப்பை எடுத்தாராம். சித்தூரில் ஒரு டீச்சர், ஒலவக்கோட்டில் ஒருவர். இரண்டாவது டீச்சர் ஏதோ ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்க, அவர் வரும்வரை வாசலிலேயே உட்கார்ந்திருந்து வாங்கியிருக்கிறார்கள்.

"அது கெடக்கட்டும். வோட்டர் லிஸ்ட்டுப் புதுக்கறாங்க. உம்பட பேரு இன்னும் நம்ம வார்டுலயே கெடக்குது. ஒவ்வொரு வாட்டியும் வருவா, வருவான்னு சொல்லி நாந்தான் உட்டு வெச்சிருக்கறேன். வெட்டச் சொல்லட்டுமா, இருக்கட்டுமா?"

வெட்டுங்கள் என்று சொல்ல மனம் வரவில்லை. இருக்கட்டும் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? வந்த பிறகு ஒரு தேர்தலுக்கும் நான் ஊருக்குப் போனதில்லை. இங்கே எனக்கு ஓட்டே கிடையாது. "யோசிச்சுச் சொல்றேனுங்க" என்றேன்.

"செரி, மெதுவாச் சொல்லு. எம்பட லிஸ்ட்டுக் காப்பியில உம்பட பேருக்கு நேரா, வெளிநாடு போயிருக்குதுன்னு பென்சில்ல ஒரு கோடு போட்டு வெச்சிருக்கறேன், அவ்வளவுதான்" என்றார். பக்கம் புரட்டும் சத்தம் கேட்டது. "இன்னைக்கு நித்யா பேருக்கு நேராவும் ஒண்ணு போட்டுட்டேன்."