மெயில் நிற்காத ஊர்

யுத்தம் முடிந்த பிறகு, நின்றுபோன பாசஞ்சரைத் திரும்ப விடப்போகிறார்கள் என்று செஞ்சிக் கடைத்தெருவில் பேச்சு அடிபட்டது. எங்கள் ஊருக்கு ரயிலே கிடையாது, திண்டிவனம் போய்த்தான் ஏறவேண்டும். ஆனாலும் ஆளாளுக்கு இஞ்சின் ஓட்டியவர்கள் மாதிரி பேசினார்கள். என் வீட்டுக்காரரும் முகமெல்லாம் பல்லாக வந்து, "இன்னாமே, இனிமே உங்க தாய் ஊட்டாண்டயே எறங்கலாம்" என்றார். "வந்தா வருது, வராட்டிப் போவுது" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். பாவம், நல்லது நினைத்துத்தான் சொன்னார். எனக்குத்தான் அந்தப் பேச்சே ஆகவில்லை.

என் தாய்வீடு மதுராந்தகத்துக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவே ஒரு சின்ன ஸ்டேஷனை ஒட்டியிருந்தது. மெயில் அங்கே நிற்காது, பாசஞ்சர் ஒன்றுதான் நிற்கும். அதில் ஆள் மட்டுமா வரும்? சேதியும் வரும். அம்மா யாரிடமாவது சொல்லியனுப்புவாள். அவர்கள் திண்டிவனத்தில் இறங்கி எங்கள் ஊர் பஸ் கண்டக்டரிடம் சொல்வார்கள். அவர் வந்து என் வாசலில் ஒப்பிப்பார். நெல்லு அறுத்தாச்சு, பசு கன்று போட்டது, இப்படித்தான் எதையாவது.

யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கண்டக்டர் வந்தார். எப்போதும் தெருமுனையிலேயே கத்துகிற மனுஷன், அன்றைக்குப் பக்கத்தில் வந்து மெல்லப் பேசினார். "உங்கம்மாவுக்கு ரொம்ப முடிலயாம்மா. உன்னப் பாக்கணும் பாக்கணும்னே கெடக்குறாங்களாம். தம்பி ஒடனே வரச் சொல்லிச்சாம்."

சாயங்கால பஸ்ஸைப் பிடித்தால் பாசஞ்சரைப் பிடித்துவிடலாம். நான் புடவையை எடுத்துச் சுருட்டினேன். மாமியார் குறுக்கே நின்றுகொண்டார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ராகு காலம், பஸ் கிளம்புவதே அதற்குள்தான். "நோவாளியப் பாக்கப் போற பயணம். ராவு காலத்துல போய் எதையாவது இழுத்துக்கினு வரப்போறியா?" என்றார். அப்படியென்றால் நாளைக்கு? திங்கட்கிழமை கிழக்கே சூலம், திண்டிவனமோ கிழக்கே. அதற்கும் அவரிடம் வழி இருந்தது. இப்போதே நல்ல நேரத்தில் துணிமூட்டையைக் கொண்டுபோய் எதிர்வீட்டில் வைத்துவிட்டால் போதும். பரஸ்தானம் வைத்தாகிவிட்டது, பயணம் இன்றைக்கே தொடங்கிவிட்டது என்று கணக்கு. அப்புறம் சூலத்தில் போனாலும் தோஷமில்லை.

மூட்டை எதிர்வீட்டுக்குப் போனது. அதோடு எல்லோருக்கும் நிம்மதி வந்துவிட்டது. நான் ஏதோ பாதி வழி போய்விட்ட மாதிரி என்னை உட்காரவைத்துச் சோறு போட்டார்கள். "அதான் கெளம்பிட்டியே, அப்புறம் இன்னா அழுவ?" என்று எதிர்வீட்டுக்காரி கேட்டாள். மூட்டைதானே கிளம்பியது, நான் இங்கே இருக்கிறேனே என்று கத்தவேண்டும் போல இருந்தது. சாயங்கால பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனதைக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டேன்.

மறுநாள் நானும் என் வீட்டுக்காரரும் புறப்பட்டோம். பெட்ரோல் இல்லாத காலம், கரியில் ஓடுகிற பஸ். வல்லத்தில் நின்று கரியைக் கிளறி மூச்சு வாங்கியது. பாசஞ்சரைப் பிடிக்க என்றைக்கும் ஏறுகிற கூடைக்காரிகளைக் காணோம்.

திண்டிவனம் ஸ்டேஷனில் பட்டாளத்துக்காரர்களும் அவர்கள் பெட்டிகளும்தான். டிக்கெட் கொடுப்பவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார், "பாசஞ்சரா? அது நேத்தோட சரிம்மா."

"நேத்தோடயா?" என்றேன்.

"கரி, ரயில் பொட்டி எல்லாம் பட்டாளத்துக்குப் போவுது. யுத்தம் முடியட்டும், திரும்ப வுடுவாங்க."

அந்த ஆள்மேல் வந்த ஆத்திரம் இன்றைக்கும் அடங்கவில்லை. யுத்தம் முடிகிற வரைக்கும் என் அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடப்பாளா? இவர்தான் என் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். மாட்டுவண்டிக்கு அலைந்து பார்த்தார், அவ்வளவு தூரத்துக்கு ஒருத்தனும் வரவில்லை. கடைசியில் மறுநாள் காலை மெயிலுக்கு டிக்கெட் கிடைத்தது. அது செங்கல்பட்டில்தான் நிற்கும், அங்கிருந்து திரும்பி வரவேண்டும்.

மெயிலில் நிற்கத்தான் இடம் இருந்தது. ஒரு சிப்பாய் என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தானோ, எழுந்து ஜன்னலோர இடத்தைக் கொடுத்தான். பாஷை தெரியாத பிள்ளை, நன்றாக இருக்கட்டும். மதுராந்தகம் ஏரி போனது. தெரிந்த புளியமரங்கள் வர ஆரம்பித்தன. நிற்காது என்று தெரிந்தும் நான் பாதி எழுந்துவிட்டேன்.

எங்கள் ஸ்டேஷன் வந்தது. பிளாட்பாரத்தில் தம்பி நின்றிருந்தான். பாசஞ்சர் நின்றுபோனது அவனுக்கும் தெரிந்திருக்கும். மெயிலில் இருந்தாலும் இருப்பேன் என்று வந்து நின்றிருக்கிறான். ஓடுகிற ஜன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் கையை வெளியே நீட்டி அவன் பேரைச் சொல்லிக் கத்தினேன். அவன் திரும்பினான். தலையும் மீசையும் மழித்திருந்தது.

கண் இமைப்பதற்குள் பிளாட்பாரம் போய்விட்டது. என் வீட்டுக்காரர் கூட்டத்துக்கு நடுவே நின்றிருந்ததால் எதையும் பார்க்கவில்லை. குனிந்து, "பயப்படாதமே. எறங்கின ஒடனே வண்டி புடிச்சி வெரட்டிக்கினு வந்துடலாம், பொழுதுக்குள்ள அம்மாவப் பாத்துடுவ" என்றார்.

"மெதுவாவே போலாங்க" என்றேன்.