ஒரு வேன், இரண்டு குடித்தனம்

சூரியனையே பிடித்து வந்து கொடுத்தாலும், ராத்திரிக்குள் அதை ஐஸ் கட்டியாக்கித் திருப்பி அனுப்பிவிடுவார் எங்கள் பல் மாமா. பனிமலைகள் அவரிடம் வந்து தொழில் கற்றுக்கொண்டு போகலாம். அப்பேர்ப்பட்டவர் இந்தக் காலை வேளையில் வேனின் பின்கதவைத் திறந்து, தலையையும் தோளையும் உள்ளே விட்டு, மிச்ச உடம்பைத் தெருவுக்குக் காட்டியபடி, ஒரு தண்ணீர் பாட்டிலைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பெட்டி அளவே உள்ள குட்டி ஃப்ரிட்ஜ் ஒன்று அவர் முகத்துக்கு நேரே மெதுவாக உறுமுகிறது.

"ஜில்லுன்னு இருக்கா மாமா?"

"எனக்கு இருக்கு. ஆனா என் கன்னம் என் கட்சி, சாட்சிக்கு ஆகாது. மருமவளே, உன் கன்னத்தைக் கொடு."

எதிர்வீட்டு ரிட்டயர்டு கண்டக்டர் நாற்காலியை வாசலுக்கே கொண்டுவந்து போட்டு உட்கார்ந்திருந்தார். இந்த வேனால் அவருக்குப் பொழுது நன்றாகப் போகிறது.

"என்ன பல்லு, இன்னிக்கும் தள்ள ஆள் வேணுமா? ஏறிக்கட்டுமா, இறங்கிக்கட்டுமா?"

மாமா தலையை வெளியே எடுக்கவே இல்லை. "உங்க மேல் வரிசை ஆடுது சார். சிரிக்கறப்போ கையால புடிச்சுக்குங்க."

அந்த மேல் வரிசை மாமா செய்து கொடுத்ததுதான். பல் செட் செய்வது அவர் தொழில். டாக்டர் வாயில் அளவெடுத்து அனுப்பினால், மாமா ஈறும் பல்லுமாக உண்டாக்கித் திருப்பி அனுப்புவார். வீட்டின் பின்னறைதான் பட்டறை. அலமாரி நிறைய, யார் யாருடையதோ பிளாஸ்டர் தாடைகள் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கும். அவருடைய நகக்கண்ணில் எப்போதும் ரோஸ் நிற மெழுகு. எதிரே நிற்பவர் யாரானாலும் கண்ணைப் பார்க்க மாட்டார், வாயைத்தான் பார்ப்பார். எது எதோடு பொருந்தினாலும், பூட்டோ சாவியோ பாத்திரமோ மூடியோ, "கடி சரியா விழுந்திருக்கு" என்பார். என் அப்பா, அதாவது அத்தையின் அண்ணன், இந்த மாப்பிள்ளையைப் பெண் பார்க்க அழைத்து வந்தபோதும் மாமா அத்தையைப் பார்த்து அதையேதான் சொன்னாராம். வீட்டில் எல்லாரும் பயந்துபோனார்கள்.

அத்தைக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. நாள் முழுக்க நீராவிக்குள் நின்று, போர்வைகளை மடிக்க ஆட்களை விரட்டுகிறவள். சாயங்காலம் வரும்போது முகம் வெந்த கிழங்கு மாதிரி இருக்கும். அவள் கேட்டது நகையும் இல்லை, நட்டும் இல்லை.

"ஒரே ஒரு நாள் தண்ணிக்கரையில உட்கார்ந்து, ஜில்லுன்னு தர்பூசணி தின்னணும். யாரும் என்னை எதுக்கும் கூப்பிடக் கூடாது. அவ்வளவுதான்."

அதற்காகத்தான் மாமா இந்த ஃப்ரிட்ஜை வாங்கினார். முதல் தடவை ஏரிக்கரைக்குப் போனபோது அதன் ஒயரை டிரைவர் சீட்டுப் பக்கத்து சார்ஜர் ஓட்டையில் செருகி, ராத்திரி முழுக்க ஓடவிட்டார். விடிந்தபோது தர்பூசணி அருமையாகக் குளிர்ந்திருந்தது. வண்டியின் பேட்டரி செத்துக் கிடந்தது. ஏரியிலிருந்து ரோட்டுக்கு ஏற்றம். மாமா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ள, அத்தை பின்னாலிருந்து தள்ளினாள். பாதி ஏற்றத்தில் செருப்பு வார் அறுந்தது. ஒற்றைச் செருப்போடு நின்று சொன்னாள்: "இனி இந்த வண்டியில நான் ஏறினா, எனக்கு வேற பேர் வெச்சுக் கூப்பிடுங்க."

சொன்னால் சொன்னதுதான். அன்றிலிருந்து மார்க்கெட்டுக்குக்கூட பஸ்ஸில் போகிறாள். மாமா பல் செட்டுகளை டாக்டர்களிடம் கொண்டுபோகும்போது பக்கத்து சீட் காலியாகவே இருக்கும். அந்த சீட்டில் ஒரு டப்பாவைக்கூட வைக்க மாட்டார். அத்தனை பேருடைய பல்லையும் மடியில் அடுக்கிக்கொண்டு, முட்டி ஸ்டியரிங்கில் இடிக்க இடிக்க ஓட்டுவார். கேட்டால், "அது ரிசர்வ் பண்ண சீட்டு" என்பார்.

பிறகுதான் இரண்டாவது பேட்டரி வந்தது. பள்ளிக்கூடத்தில் மின்சாரப் பாடம் நடந்த அன்று நான் வகுப்புக்கு வெளியே நின்றிருந்தேன். காரணம் வேண்டாம். ஆகவே மாமா அத்தைக்கு விளக்கியதை அப்படியே தருகிறேன்.

"இத்தனை நாள் கூட்டுக்குடும்பம்மா. ஃப்ரிட்ஜு மாப்பிள்ளை ராத்திரி பூரா உட்கார்ந்து தின்னான். காலையில வண்டிக்காரன் எழுந்து பார்த்தா பானையில பருக்கை இல்லை. இனிமே தனிக்குடித்தனம். வண்டி கிளம்ப அந்த பேட்டரி, மாப்பிள்ளைக்கு இந்த பேட்டரி. நடுவுல இந்த சின்ன டப்பா இருக்கு பாரு, இவன் பஞ்சாயத்துக்காரன். இஞ்சின் ஓடுறப்போ ரெண்டு வீட்டுக்கும் படி அளப்பான். இஞ்சின் நின்னா நடுக்கதவைச் சாத்திருவான். அவனவன் சோத்தை அவனவன் தின்னணும்."

அத்தை வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். "கதை நல்லாத்தான் இருக்கு. ராத்திரி பூரா ஃப்ரிட்ஜு ஓடட்டும். காலையில சாவியை நான் திருப்புவேன். ஒரே திருப்பு. வண்டியும் கிளம்பணும், தண்ணியும் ஜில்லுன்னு இருக்கணும். அப்போ பார்க்கலாம்."

முதல் சோதனையில் வண்டி உடனே கிளம்பியது. மாமா கண்டக்டரைப் பார்த்துக் கும்பிடு போட்டார். அத்தை பின்னால் போய் ஃப்ரிட்ஜைத் திறந்து பாட்டிலைத் தொட்டாள். குளிக்கலாம் போல வெதுவெதுப்பு. ஃப்ரிட்ஜ் எப்போதோ சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டுப் படுத்திருந்தது.

"போன தடவை வண்டி செத்துது. இந்த தடவை ஃப்ரிட்ஜு. முன்னேற்றம்தான்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

மாமா அன்று முழுக்க ஒயரைத் தடவித் தடவிப் பார்த்தார். இருக்கிற ஒயர் போதும் என்று, பட்டறை விளக்குக்கு வாங்கியதில் மிச்சமிருந்த மெல்லிசு ஒயரை மாட்டியிருந்தார். பேட்டரியில் சோறு இருந்தது, பின்னால் இருக்கிற மாப்பிள்ளைக்குப் போய்ச் சேரவில்லை. விரல் தண்டிக்குப் புது ஒயர் வாங்கினார். அது போதும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். மாமா பட்டறைக்குள் போய், நீலத்தாளை எடுத்துவந்தார்.

நீலத்தாள் என்றால், பல் கட்டியதும் வாயில் வைத்துக் கடிக்கச் சொல்வார்களே, அது. எந்த இடம் முதலில் முட்டுகிறதோ அங்கே நீலம் ஒட்டும். மாமா ஒயரை பேட்டரியோடு பிணைக்கும் கிளாம்பை மாட்டும் முன் அதை பேட்டரி முனையில் சுற்றி, மேலே கிளாம்பை அழுத்தி எடுத்தார். கிளாம்புக்குள் ஒரே ஓரத்தில் மட்டும் நீலப் பொட்டு.

"பார்த்தியா மருமவளே? ஒத்தப் பல்லால சாப்பிடுது. இப்படிச் சாப்பிட்டா எப்படி வயிறு நிறையும்?"

பல்லுக்குப் போடும் அரத்தால் அந்தப் பொட்டை மட்டும் ராவினார். மறுபடி தாள், மறுபடி அரம். உள்பக்கம் சுற்றிலும் நீலம் பதிந்தபிறகுதான் ஸ்பானரைத் தொட்டார். ஒரு கிளாம்பை மாட்டுவதற்கு ஒரு முழு பல் செட்டே முடிந்திருக்கும். உள்ளே இரண்டு டாக்டர்களின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது.

அப்படி மாட்டிய ஃப்ரிட்ஜ்தான் நேற்றுச் சாயங்காலத்திலிருந்து ஓடுகிறது. பாட்டில் என் கன்னத்தில் சுரீர் என்றது. அத்தை இன்னும் வெளியே வரவில்லை.

வந்தாள். தலையில் ஈரத்துண்டு, கையில் சாவி. யாரையும் பார்க்காமல், ஏறாமலே, டிரைவர் பக்கக் கதவுக்குள் கையை விட்டுத் திருப்பினாள். வண்டி ஒரே உறுமலில் கிளம்பியது. கண்டக்டர்கூட எழுந்து நின்றார். அத்தை பின்பக்கம் வந்து பாட்டிலை எடுத்தாள். கன்னத்தில் வைக்கவில்லை. துண்டை விலக்கி, பின்கழுத்தில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். மாமா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கிழமைக்கு லீவு சொல்லிடறேன்" என்றது அந்த வாய்.

"உனக்கு என்ன பேர் வெக்கறதுன்னு யோசிச்சிட்டிருக்கேன்" என்றார் மாமா.

"வாயை மூடிட்டு தர்பூசணி வாங்கிட்டு வாங்க."

ஞாயிற்றுக்கிழமை அத்தை புதுச்செருப்போடு முன்சீட்டில் ஏறி, கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி, பொட்டைச் சரிசெய்ய ஆரம்பித்துவிட்டாள். மாமா பின்னால் சாமான் ஏற்றினார். "இனி பத்து நாள் நிறுத்தி வெச்சாலும் வண்டி கிளம்பும். எழுதித் தரட்டுமா?" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிக்கொண்டு என் தலையணையைத் தூக்கியவர், நின்றார். மறுபடி கையில் ஏந்தி எடை பார்த்தார்.

"மருமவளே."

"ம்?"

"இதென்ன தலகாணி, இரும்புக் கணக்கா கனக்குது?"

உறைக்குள் கையை விட்டு, சிவப்பும் கறுப்புமான ஜம்பர் கேபிளை வெளியே இழுத்தார். செத்த வண்டிக்குப் பக்கத்து வண்டியிலிருந்து உயிர் வாங்கும் ஒயர். கண்டக்டரிடம் கெஞ்சி வாங்கி, விடியும் முன்பே ஒளித்துவைத்திருந்தேன். மாமா முதல் தடவையாக என் வாயைப் பார்க்கவில்லை, கண்ணைப் பார்த்தார்.

"என்னங்க அங்க பேச்சு?" என்றாள் அத்தை கண்ணாடியிலிருந்து.

"ஒண்ணுமில்லம்மா. இவ தலகாணி சரியில்லை."

வேனுக்குள் படுக்கப் போட்டிருந்த பலகையைச் சத்தமில்லாமல் தூக்கினார். அடியில் ஏற்கெனவே ஒரு ஜம்பர் கேபிள், கடைத்தாள்கூடப் பிரிக்காமல், புத்தம் புதிதாகச் சுருண்டு கிடந்தது. என்னுடையதை அதன் பக்கத்தில் படுக்கவைத்து, பலகையை மெல்ல இறக்கி, மேலே போர்வையை விரித்துத் தட்டிவிட்டார்.