பதினொரு பக்கங்களுக்கு ஒரு வரி

எழுதியதை ஜெசிதா உரத்து வாசிக்கிறாள். "வடகிழக்குக் காற்றுப் பலமாக வீசும். இன்றும் நாளையும் கடலுக்குப் போகவேண்டாம்." வாசித்துவிட்டு, "கரையிலை நிண்டு பாக்கிறவனுக்கு விளங்குமோ?" என்று தன்னையே கேட்கிறாள். விளங்கும் என்று பட்ட பிறகுதான் சேமிக்கிறாள். அடுத்து, திரை வெடித்த பழைய கைபேசியை எடுத்து, பதினொரு இணையத்தளங்களையும் ஒன்றொன்றாகத் திறந்து பார்க்கிறாள். எல்லாவற்றிலும் அந்த வரி மேலே சிவப்பில் நிற்கிறது.

குருநகரில் ஒரு தையல் கடைக்கு மேல்மாடியில் அவளுடைய அறை. கரையோரத்துக் கடற்றொழிலாளர் சங்கங்கள் பதினொன்றின் தளங்களைச் செய்து பராமரிப்பவள் அவள்தான். ஒவ்வொரு சங்கத்துக்கும் தனி நிறம், தனிப் படம். காற்று அறிவித்தல் மட்டும் பொது. அது ஒரேயொரு கோப்பில் இருக்கிறது. எல்லாத் தளங்களும் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளும். எங்களுக்கு மட்டும் அதை நீலத்தில் போடு, கீழே போடு என்று எந்தத் தலைவர் வந்து நின்றாலும் பதில் ஒன்றுதான்: "மற்றதெல்லாம் உங்கடை விருப்பம் அண்ணை. உதிலை மட்டும் கை வைக்கேலாது."

ஓரிடத்தில் மாற்றினால் எல்லா இடமும் மாறுமென்றால், பதினொன்றையும் ஏன் திறந்து பார்க்கவேண்டும் என்று, அவளைப் பார்க்கப் போயிருந்த நான் கேட்டேன்.

"பைல் பிழை விடாது. என்ரை கை பிழை விடும்."

அந்தக் கோப்புக்கு அவள் இட்ட பெயர் 'சிமியோன்'. அதையும் கேட்டேன். விசைகளிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சொன்னாள்.

முன்பெல்லாம் அறிவித்தலை ஒவ்வொரு தளத்திலும் தனித்தனியாக ஒட்டிக்கொண்டிருந்தாள். மூன்று வருடங்களுக்கு முன், கார்த்திகையில் ஒரு பின்னேரம், பத்துத் தளங்களில் மாற்றி முடித்த நேரத்தில் தொலைபேசி அடித்தது. கதைத்து முடிந்ததும், வேலையும் முடிந்ததென்று நினைத்துக் கொம்பியூட்டரை மூடிவிட்டாள். பதினோராவதில் முதல்நாள் வரி அப்படியே நின்றது: 'கடல் அமைதி'. அந்தச் சங்கத்துக்காரர் சிமியோன். அதைப் பார்த்துவிட்டுத்தான் தொழிலுக்குப் போனார்.

காற்றில் எஞ்சின் நின்றது. வலை போனது. மறுநாள் மத்தியானம் வேறொரு படகு அவரைக் கட்டியிழுத்துக்கொண்டு வந்தது.

அன்றைக்கே ஜெசிதா அவர் வீட்டுக்குப் போனாள். "பிழை என்ரை, அண்ணை" என்றாள். உதடு வெடித்துப் படுத்திருந்த சிமியோன், "வானத்தையும் ஒருக்கா நிமிந்து பாத்திருக்கவேணும் தங்கச்சி. நானும் போனைத்தானே பாத்தனான்" என்றார். வாசலில் நின்ற மனைவி ஸ்ரெல்லா ஒரு சொல்லும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

"அக்கா ரெண்டு பேச்சுப் பேசியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்" என்றாள் ஜெசிதா.

அதன்பின் ஒரு கிழமை வேறு வேலை எதுவும் தொடவில்லை. பதினொரு தளங்களையும் பிரித்து, அறிவித்தலைப் பொதுக் கோப்பாக்கினாள். கோயிலில் ஸ்ரெல்லாவைக் காணும் ஞாயிறுகளில் கடைசி வரிசை வாங்கில் இருந்துவிட்டு, பூசை முடிய முதலே எழும்பி வந்துவிடுவாளாம்.

இதைச் சொல்லி முடித்துச் சற்று நேரத்தில் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண்ணொருவர் மூச்சு வாங்க வந்து நின்றார். ஜெசிதா எழுந்த வேகத்திலேயே அவர் யாரென்று எனக்கு விளங்கிவிட்டது.

ஸ்ரெல்லா புதுக் கைபேசியொன்றை நீட்டினார். "மகள் வாங்கித் தந்தவள். எங்கடை சங்கத்துப் பக்கத்தை இதிலை போட்டுத் தா. அவர் பாக்கிறாரோ இல்லையோ, நான் பாக்கவேணும்."

ஜெசிதா கைபேசியை வாங்கினாள். இரண்டு தரம் பிழையாகத் தட்டி, மூன்றாந்தரம் பக்கத்தைத் திறந்து கொடுத்தாள். ஸ்ரெல்லா கைபேசியைத் தூரத்தில் பிடித்து, சிவப்பு வரியை எழுத்தெழுத்தாக வாசித்தார். வாசித்த பிறகும் போகவில்லை.

"அவர் இண்டைக்குக் கிழிஞ்ச வலையைப் பொத்திக்கொண்டு வீட்டிலைதான் இருக்கிறார்" என்றார்.

ஜெசிதா பக்கத்துக் கதிரையில் கிடந்த கடதாசிகளை அள்ளி நிலத்தில் வைத்தாள். கதிரையை உள்ளங்கையால் துடைத்து, அவர் பக்கமாக நகர்த்தினாள்.