தன் மேல் முதல் குத்து

செருப்புக்கடைக்கும் கைப்பேசி பழுது பார்க்கும் கடைக்கும் நடுவே, கையை நீட்டினால் இரண்டு சுவரும் தட்டுகிற அகலத்தில் அவருடைய டாட்டூ கடை இருந்தது. கடைவீதியில் அவருக்குச் 'சுத்தம்' என்று பட்டப்பெயர். அது சும்மா வந்துவிடவில்லை. ஊசிப் பொட்டலத்தை வந்தவர் கண்ணெதிரேதான் பிரிப்பார். மைக்கிண்ணம் ஆளுக்கு ஒன்று, மிச்ச மையைக் கொட்டிவிடுவார். கையுறையோடு மூக்கைச் சொறிந்துவிட்டால்கூட அதைக் கழற்றி எறிந்துவிட்டு வேறு மாட்டுவார்.

இத்தனைக்கும் மேலே ஒரு பழக்கம் வைத்திருந்தார். புது ஊசியை மெஷினில் மாட்டியதும் பேண்டைச் சுருட்டிவிட்டு, தன் கெண்டைக்காலில் இரண்டு புள்ளி ஓட்டிப் பார்ப்பார். ஊசி சீராக ஓடுகிறதா என்று தெரியும், எதிரே உட்கார்ந்திருக்கும் பயந்தாங்கொள்ளிக்கும் தெம்பு வரும். "என் மேல குத்திப் பாக்காம உங்க மேல வைக்க மாட்டேன்" என்பார். அந்த ஒரு பேச்சுக்காகவே மற்ற கடைகளைத் தாண்டி வந்தவர்கள் நிறையப் பேர். அப்படிப்பட்ட நல்ல மனுஷன்தான். நல்ல மனசு ஒன்று இருந்துவிட்டால் போதும் என்று நாமும்தானே நினைத்துக்கொண்டிருக்கிறோம்?

ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி தோளில் பூ குத்திக்கொள்ள வந்தபோது சொல்லிப் பார்த்தாள். "தினமும் ரத்தத்துல கை வைக்கறீங்க. காமாலைக்கு மூணு தவணை தடுப்பூசி இருக்கு. டெஸ்ட் பண்ணிட்டுப் போட்டுக்குங்க."

"ஊருக்கே ஊசி போடறவனுக்கு ஊசியா?" என்று சிரித்தார். அவளும் சிரித்துவிட்டாள். அதோடு அந்தப் பேச்சு போயிற்று.

அவருக்கென்று இருந்த ஒரே சொந்தம் தங்கை. ரொட்டிக் கம்பெனியில் பாக்கெட் கட்டும் வேலை. ஊசி என்றாலே அவளுக்கு உயிர் போய்விடும். ஆனாலும் மகளுடைய பேரின் முதல் எழுத்தை மணிக்கட்டில் குத்திக்கொள்ள வேண்டும் என்று ஆசை. புருஷனையும் கூட்டிக்கொண்டு ஒரு மத்தியானம் வந்து உட்கார்ந்தாள். மெஷின் சத்தம் கேட்டதும் கையை இழுத்துக்கொண்டாள்.

"வலிக்குமாண்ணா?"

"அண்ணன் உனக்கு வலிக்கவிடுவேனா? இங்க பாரு." வழக்கத்துக்கு இரண்டு புள்ளி என்றால் அன்றைக்கு அவளுக்காக நிறையக் குத்திக் காட்டினார். அவள் சிரித்து, கையை நீட்டினாள். ஒரே ஒரு எழுத்து. நேரமே பிடிக்கவில்லை.

சில மாதம் கழித்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வாந்தி, அப்புறம் கண் மஞ்சள். கை வைத்தியம் பார்த்து நாளை ஓட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, புத்தி தடுமாறிப் பேச ஆரம்பித்திருந்தாள். ஹெபடைடிஸ் பி என்றார்கள். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடுமாம், சிலருக்குத்தான் இப்படி ஈரலையே தின்றுவிடுமாம். அந்தச் சிலரில் இவள் ஒருத்தி.

வார்டு நர்ஸ் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு, "இதை எங்க குத்துனாங்க?" என்று கேட்டாள்.

"நான்தான் குத்துனேன்" என்றார் சுத்தம், கொஞ்சம் ரோஷத்தோடு. "ஊசி புதுசு. அவ கண்ணு முன்னாடி பிரிச்சேன். நம்பலைன்னா அவ வீட்டுக்காரரைக் கேளுங்க. என் கால்ல குத்திப் பாத்துட்டுத்தான் அவ கையில வெச்சேன்."

நர்ஸ் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "அதே ஊசியாலயா?"

"ஆமா."

அவரை உட்கார வைத்து ரத்தம் எடுத்தாள். முடிவு வந்தபோது டாக்டர் கூப்பிட்டுச் சொன்னார். கிருமி அவர் உடம்பில் எவ்வளவோ காலமாக இருக்கிறது. எங்கேயிருந்து வந்தது என்று சொல்ல முடியாது. ஒரு நாள் காய்ச்சல்கூட வராமல் சாதுவாக உட்கார்ந்திருக்கும். "அப்ப அந்தத் தடுப்பூசி?" என்று சுத்தம் கேட்டார். "உங்களுக்கு இனிமே அதால பிரயோஜனம் இல்லை. மருந்து சாப்பிட்டு அடக்கி வைக்கலாம்" என்றார் டாக்டர். வேலியே பயிரை மேய்ந்துவிட்டது. அதுவும் பயிரைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டே மேய்ந்தது.

தங்கை புருஷனான மாப்பிள்ளையிடம் ஆஸ்பத்திரி நடையில் வைத்துச் சுத்தம் சொன்னார். மாப்பிள்ளை கைநீட்டி அடித்திருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "நானும்தான மச்சான் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டிருந்தேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு மாப்பிள்ளை உள்ளே போய்விட்டார்.

அந்த வாரமே அவள் போய்விட்டாள். குழந்தைக்குப் பிறந்தபோதே அந்தத் தடுப்பூசி போட்டிருந்தார்கள், அதனால் ஒன்றுமில்லை. எந்தத் தவணையையும் விடாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடியவள் அவள்தான்.

காரியமெல்லாம் முடிந்ததும் கடையைத் திறந்து, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, போனில் இருந்த வாடிக்கையாளர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தார். ரத்தம் டெஸ்ட் பண்ணிக்குங்க, என்கிட்டயிருந்து ஒட்டியிருக்கலாம் என்றார். சிலர் திட்டினார்கள். அதையாவது தாங்கிக்கொள்ளலாம். "எனக்கு நல்லாத்தான் இருக்கு, நீங்க ஏன் வீணாக் கவலைப்படறீங்க" என்று அவருக்கே ஆறுதல் சொல்லி வைத்தவர்கள்தான் அதிகம்.

மாப்பிள்ளை ஷட்டருக்குக் கீழே குனிந்து உள்ளே வந்தார். சாவுக்குப் பிறகு அன்றைக்குத்தான் முகத்தில் முழிக்கிறார். ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு மூன்று அழைப்புகளைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"போறேன்னு யாராவது சொன்னாங்களா?"

"சரி சரிங்கறாங்க. போக மாட்டாங்க மாப்ள."

"அவ செத்ததைச் சொல்றீங்களா?"

சுத்தம் தலையை ஆட்டினார். இல்லை.

"சொல்லுங்க. அதைச் சொன்னாத்தான் போவாங்க."

மாப்பிள்ளை எழுந்து போகவில்லை. கேட்டுவிட்டுத்தான் போவார் போலிருந்தது. சுத்தம் அடுத்த எண்ணை அழுத்தினார். அந்தப் பக்கம் ஒரு பையன், "என்னண்ணே, எப்படி இருக்கீங்க?" என்றான்.

"தம்பி, என் தங்கச்சி செத்துப்போயிட்டா" என்றார். "நான் குத்துன ஊசியால."